வழி போட்ட இரண்டு பேர்

பயணிகள் அடுக்கிவிட்டுப் போன சின்னச் சின்னக் கற்கோபுரங்களைக் காலால் உதைத்துக் கலைத்துக்கொண்டே நடக்கிறாள் ஸ்டெயின்வோர். "விளையாட வேற எடமே கெடைக்கலையா இதுகளுக்கு?" அவளுடைய ஆட்டுப் பண்ணைக்குப் பின்னாலேயே தொடங்கிவிடுகிறது, எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறைக் காடு. அதன் ஊடே ஓர் ஆள் அகலத்துக்கு ஒரு பாதை.

ஆயிரம் வருடத்துக்கு முன் ஹல்லி, லெய்க்னிர் என்ற அண்ணன் தம்பி, இரண்டு பெர்செர்க்குகள் போட்டது என்பார்கள். சண்டை என்றால் கேடயத்தைக் கடித்துக்கொண்டு பாய்கிற வெறியர்கள். அண்ணன் ஒரு பண்ணைக்காரனின் மகளைப் பெண் கேட்டான். முதலில் வழி வெட்டித் தா என்றான் தகப்பன். வெட்டி முடித்துக் களைத்து வந்தவர்களை வெந்நீர்க் குளியலறைக்குள் அனுப்பி, தம்பியையும் சேர்த்துக் கொன்றான். இன்று பிள்ளை அடம்பிடித்தால் பெர்செர்க், பந்தாட்டத்தில் கத்தினாலும் பெர்செர்க். பனியனிலும் பீர் டப்பாவிலும் பெர்செர்க்தான் பல்லைக் காட்டுகிறான்.

ஸ்டெயின்வோர் முப்பது வருடம் சாலைப் பணியில் இருந்தவள். அவள் கோபப்பட்டால் ஊரார் அவளையும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் ஏகப் பெருமை.

போன செவ்வாய்க்கிழமை ஊராட்சியிலிருந்து ஆர்ந்தோர் ஒரு பலகையோடு வந்தான். மறுநாள் சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள் நட்டாக வேண்டும். நிலம் அவளுடையது, பலகையின் அடியில் அவள் கையெழுத்து வேண்டும். பலகையில் நுரை தள்ளும் ஒரு வாயின் படம், கீழே 'வெறிபிடித்த கொலைகாரர்களின் பாதை'.

"வேலை வாங்கிட்டுக் கொன்னவன் யாரு? அவன் பேரு இதுல எங்க?"

"ஜனங்களுக்கு இதுதாங்க பிடிக்குது. ஒரு கையெழுத்துதானே, ஸ்டெயின்வோர்."

"கண்ண மூடு."

"எதுக்கு?"

"மூடுன்னா மூடு. நட."

பாதையின் இரண்டு பக்கமும் பாறை கத்தியாக நிற்கிறது. அவன் பயந்து பயந்து காலை வைத்தான். பத்தடி போனதும் பயம் போயிற்று. ஐம்பதடி கைவீசி நடந்தான்.

"எங்கயாச்சும் தடுக்குச்சா?"

"இல்லீங்க."

"வெறி புடிச்சவன் போட்டா இப்படி இருக்குமா? மட்டம் பாத்துப் பாத்துப் போட்டிருக்கானுங்க. நான் போட்ட ரோடு பத்தே வருஷத்துல பல்ல இளிச்சிருச்சு!" தோற்றதைச் சொல்கிறவளின் முகம் பெருமையில் சிவந்திருந்தது.

ஆர்ந்தோர் கண்ணைத் திறந்து, வந்த வழியைக் கொஞ்ச நேரம் திரும்பிப் பார்த்தான். பிறகு போய்ப் பலகையை எடுத்துவந்து, தடித்த பேனாவோடு நீட்டினான்.

அவள் அந்த வரியை அடித்தாள். 'வழி போட்டவர்கள்: ஹல்லி, லெய்க்னிர்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டாள்.