போடாத துளையிலிருந்து வந்த சத்தம்

பேய் பிசாசை நான் நம்பியதில்லை. மண் பரிசோதனை அறிக்கைகளையும் நம்பியதில்லை, காரணம் அவற்றை எழுதுகிறவன் நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு மாதா கோயில் சமூகக் கூடத்துக்கு ஐந்து துளை போட வேண்டிய இடத்தில் மூன்றைப் போட்டுவிட்டு, மீதி இரண்டை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேனாவால் போட்டேன்.

விதி தெளிவானது. அடியில் சுண்ணாம்புப் பாறை என்றால் தண்ணீர் அதைக் கரைத்துப் பொந்தாக்கியிருக்கும். தூண் வரும் இடமெல்லாம் துளை போடு, பாறை தட்டினாலும் நம்பாதே, அதற்குக் கீழேயும் போய்ப் பார். இரும்புக் குண்டால் குழாயை அடித்து, அது ஒரு சாண் இறங்க எத்தனை முறை அடித்தோம் என்று எழுத வேண்டும். ஐம்பது முறை அடித்தும் இறங்காவிட்டால் பாறை. நான்காவது துளைக்கு எட்டு, பதினொன்று, பதினேழு, ஐம்பது என்று எழுதினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அறிக்கையோடு இடத்தின் போட்டோவும் வேண்டுமாம். போனேன். காலை பதினோரு மணி, நல்ல வெயில், சுற்றிலும் ஆளில்லை. நான்காவது துளைக்கு அடையாளமாக அடித்திருந்த முளைக்குச்சி பக்கத்தில் நின்று செல்போனை நீட்டினேன், நம்பினால் நம்புங்கள், தரை என்னை இடுப்பு வரை உள்ளே வாங்கிக்கொண்டது. தடுத்தது தொப்பைதான், டாக்டர் குறைக்கச் சொன்ன அதே தொப்பை. செல்போன் கைக்கெட்டாமல் விழுந்து கிடந்தது. காலை ஆட்டினால் கீழே எதுவும் தட்டவில்லை, குளிர்ந்த காற்று மட்டும் பேண்டுக்குள் ஏறியது. கொஞ்சம் அசைந்தாலும் விளிம்பு மண் உதிர்ந்து இன்னொரு விரற்கடை இறங்கினேன். கத்தினால்கூட உதிர்ந்தது. அதனால் மூச்சைச் சிக்கனமாக விட்டுக்கொண்டு நின்றேன். நின்றேன் என்பதும் பொய், தொங்கினேன்.

அப்போதுதான் காலுக்கடியில் இரும்பு மேல் இரும்பு விழும் சத்தம். எட்டு முறை. கொஞ்சம் நிறுத்தம். பதினொன்று. மறுபடி நிறுத்தம். பதினேழு. டீக்கடை பெஞ்சில் நான் எழுதிய அதே கணக்கு. அடுத்ததை எண்ணினேன், வேறென்ன செய்ய? நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. அவ்வளவுதான், நின்றுவிட்டது. ஐம்பதாவது அடிக்காகக் காத்துக்கொண்டே தொங்கினேன்.

துளை போடும் மேஸ்திரி மாதப்பன், மறந்துவிட்டுப் போன ஸ்பேனரைத் தேடி மதியம் வந்தார். பலகை மேல் குப்புறப் படுத்து, என் அக்குளில் கயிறு கட்டி இழுத்தார். "ஏனுங்க சார், நாலாவத நீங்களே போட்டுட்டீங்களா?"

அறிக்கையைக் கிழித்தேன். மறுநாள் பத்தடி தள்ளி நிஜமாகவே துளை போட்டோம். மேல்மண்ணைத் தாண்டியதும், யாரும் அடிக்காமலே, குழாய் தன் பாரத்திலேயே சரசரவென்று இறங்கிப் போனது. உள்ளே வெறும் பொந்து. நூறு பேர் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய இடம். கூடத்தை வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள்.

ஆனால் ஒன்றுமே இல்லாத இடத்தில் அந்தக் குண்டு எதன் மேல் விழுந்தது? இன்றைக்கும் சமையலறையில் மனைவி இஞ்சி தட்டினால் என் வாய் தானாக எண்ணுகிறது.

மாதப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணி எண்ணிக் காத்திருந்ததையும் சொன்னேன். பீடியைக் காலில் தேய்த்து அணைத்தார்.

"நாங்க மொத மூணுக்கு அடிச்சப்ப நீங்க ஒருக்காகூட எண்ணலீங்களே சார்."