சீட்டு சொன்ன வேகம்

வண்டி ஓட்டுவதில் எனக்குத் திமிர் அதிகம். எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்தை அரை மணி நேரத்தில் பிடித்தேன் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லுவேன். என் மனைவியின் தம்பி அதே நெடுஞ்சாலையில் பைக்கில் போய்ச் செத்தவன். அதற்குப் பிறகு என் காரில் ஏறினாலே அவள் செபமாலையைக் கையில் எடுத்துவிடுவாள். "மெதுவா போங்க" என்று பதினைந்து வருடம் ஊதுகிற சங்கை ஊதிப் பார்த்தாள். கடைசியில், காணையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸிலேயே போய்வர ஆரம்பித்தாள். வீட்டில் கார் இருக்க, பெண்டாட்டி பஸ்ஸில் போகிறாள் என்று எனக்கு ரோஷம்தான் வந்தது. அவள் பயம் எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் செல்போனில் விளம்பரம் பார்த்து அந்தச் சிப்பை வாங்கினேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால் எஞ்சின் பலம் கூடும், டீசல் குறையும் என்று போட்டிருந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. முதல் இருநூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டுமாம். அதற்குள் சிப் நம் வண்டியைப் படித்துக்கொள்ளுமாம். யார் சொல்லியும் கேட்காத நான் அந்தச் சீட்டுக்குக் கட்டுப்பட்டேன். முட்டை ஏற்றியவன்போல ஓட்டினேன். சொல்லிவைத்தாற்போல மைலேஜும் ஏறியது.

ஒருநாள் காணைக்கு, "நானும் கார்லயே வர்றேங்க" என்று அவளாகவே முன்சீட்டில் ஏறினாள். விக்கிரவாண்டி தாண்டித் திரும்பிப் பார்க்கிறேன், தூங்கிக்கொண்டிருந்தாள். செபமாலை கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் என் காரில் தூங்கியதில்லை.

திரும்பும் வழியில், விழுப்புரத்தில் பழக்கமான மெக்கானிக்கிடம் பிரேக்கைக் காட்ட நிறுத்தினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், அவள் எதிரிலேயே, சீட்டில் போட்டிருந்தது உட்பட சிப்பின் மகிமையை அளந்தேன். அவர் அதைப் பிடுங்கி மூடியை நெம்பினார்.

"இன்னா சார் இது? ரெண்டு ஒயரு இதுல மினுக்கற லைட்டுக்குப் போவுது, அவ்ளோதான். எஞ்சினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப மைலேஜ் எப்படி ஏறிச்சி?"

"நீங்க மெதுவா ஓட்டிக்கினு இருந்திருப்பீங்க. அதான் சார்."

அங்கே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். முகத்தில் கரி பூசியதுபோல இருந்தது. அந்த ஆத்திரத்தையெல்லாம் ஆக்ஸிலரேட்டரில் காட்டினேன். விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு லாரியை இடதுபக்கமாக முந்தினேன். பக்கத்தில் அவள் மூச்சு நின்று வந்தது எனக்குக் கேட்டது.

"வண்டிய நிறுத்துங்க" என்றாள்.

பஸ் ஸ்டாப் அருகே நிறுத்தினேன். இறங்கிக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"அந்தத் துண்டுச் சீட்டு சொன்னா கேக்கறீங்க. நான் சொன்னா மட்டும் கேக்க மாட்டீங்க இல்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

திண்டிவனம் பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். நான் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்றது, நானும் நின்றேன். பின்கண்ணாடி வழியாக அவள் தலை தெரிந்தது. நான் முந்தாமல் வருவதை ஒருமுறை பார்த்துவிட மாட்டாளா என்று ஏங்கினேன். ஊர் வரும்வரை அவள் திரும்பவே இல்லை.