அறுபத்து நான்கை அறுபத்து நான்காகவே எழுதினேன்

கழுத்தில் லேப்டாப் சார்ஜர் வயர் இறுகிக்கொண்டிருந்தபோது எனக்கு எந்த மந்திரமும் நினைவுக்கு வரவில்லை. 'அம்மா' என்ற ஒரு சொல்தான் வந்தது. அதுவும் வாயால் வரவில்லை, மனதுக்குள்தான். வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் சந்நிதியில் என்னோடு உட்காரும் சகோதரிகளே, அந்த ஒரு சொல்லுக்கு அவள் எப்படி வந்தாள் என்பதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

செல்வி என்ற என்னை உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்குள் நடந்தது தெரியாது. பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் ஒரு பிளாட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். கல்யாணமான வருடத்திலேயே அவர் கை நீட்ட ஆரம்பித்துவிட்டார். என் முன்பல் உடைந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன்.

நான் தமிழ்நாட்டில் நுண்ணுயிரியல் படித்தவள். செபராங் ஜெயாவில் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. அமெரிக்காவில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. அதைச் சொன்னாலே அவர் சிரிப்பார்.

போன வருடம் சிம்பாங் அம்பாட்டில் ஓர் அடிதடி. அவர் ஒருவரின் மண்டையை உடைத்துவிட்டார். அந்த ஆளின் கூட்டாளிகள் பாராங் கத்தியோடு அவரைத் தேடினார்கள். ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், எங்கள் வீட்டுக் கதவைக் கொத்திப் போட்டிருந்தார்கள். அன்றோடு என் படிப்பு அவருக்குத் தப்பிக்கும் வழியாகிவிட்டது. மனைவி படிக்கப் போனால் கணவனும் விசாவில் கூடவே போகலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

என் பட்டத்தில் நான் வாங்கியது நூற்றுக்கு அறுபத்து நான்கு. என் கல்லூரியில் அது முதல் வகுப்பு. அங்கே மதிப்பெண்ணைக் கிள்ளித்தான் போடுவார்கள். அவருக்கோ அது தோற்றுப்போன மார்க் மாதிரி தெரிந்தது. அமெரிக்காவில் நான்குக்கு எத்தனை என்றுதான் பார்ப்பார்கள், மூன்று புள்ளி எட்டாவது இல்லாவிட்டால் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று அவருடைய நண்பர் சொல்லிவிட்டார்.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். நான் குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்தை அன்றே முடிக்க வேண்டும் என்று தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து லேப்டாப் முன்னால் உட்கார வைத்தார்.

"மூணு புள்ளி எட்டுன்னு போடு."

"வெளிநாட்டு மார்க்க மாத்தாம, சர்டிபிகேட்ல உள்ளபடியே எழுதணும்னு இங்கயே போட்டிருக்குங்க. அப்புறம் ஒரிஜினலோட வச்சுப் பார்ப்பாங்க. பொய்னு தெரிஞ்சா இடமே கிடைக்காது."

"எவன் பாக்கப் போறான்? டைப் பண்ணுலா."

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். முகத்தை மேசையில் மோதினார். மூக்கிலிருந்து ரத்தம் விசைப்பலகைமேல் கொட்டியது. என் விரலைப் பிடித்து எண்ணின்மேல் அழுத்தப் பார்த்தார். முடியவில்லை. அப்போதுதான் வயரை உருவிக் கழுத்தில் சுற்றினார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. செத்துப்போவேன் என்று தெரிந்தது. நான் பொய் எழுதவும் கூடாது, சாகவும் கூடாது, அம்மா என்று கேட்டேன். இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டேன்.

குளியலறையில் குழாய் திறந்தபடியே கிடந்தது. வடிகாலைத் துணி அடைத்துக்கொண்டு, தண்ணீர் பெருகிக் கீழ்வீட்டுக் கூரை வழியாக ஒழுகியிருக்கிறது. கீழே குடியிருப்பவர் காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, என்று எல்லாரும் கூப்பிடும் மலாய்ப் பெண்மணி. சண்டை போடுவதற்காகவே கையில் மாப் கட்டையோடு படியேறி வந்திருக்கிறார். தினமும் உள்ளிருந்து பூட்டும் இரும்புக் கிரில் கதவு அன்று பூட்டியிருக்கவில்லை. யார் மறந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காக் ரோஸ் உள்ளே வந்து பார்த்தார். மாப் கட்டையால் என் கணவரின் முதுகில் ஓங்கி அடித்தார். கட்டை முறிந்தது. வயர் தளர்ந்தது. என் கணவர் திரும்பி அவர் கையைப் பிடித்து முறுக்கினார். விரல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்படியும் அந்த அம்மாள் விடாமல் அவர் தோளைக் கடித்தார். எனக்குக் குரல் வந்தது. நான் கத்திய கத்தலில் அந்த மாடியே திரண்டுவிட்டது. போலீஸ் வரும்வரை ஆண்கள் நாலைந்து பேர் அவரைத் தரையில் அமுக்கிப் பிடித்திருந்தார்கள்.

மருத்துவமனையில் என் பக்கத்துக் கட்டிலில்தான் காக் ரோஸ். விரலில் கட்டு. என் கழுத்தைப் பார்த்துப் பார்த்து அழுதார். தண்ணீர் ஒழுகியதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஒழுகாவிட்டால் நான் ஏன் வரப் போகிறேன் என்று மலாயில் சொன்னார்.

கணவர் காவலில் இருந்தார். என் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவும் வாங்கினேன். செபராங் ஜெயாவில் அக்கா வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பத்தை முடித்தேன். மதிப்பெண் என்ற இடத்தில் அறுபத்து நான்கு, அளவு என்ற இடத்தில் நூறு. துணைவர் யாராவது உடன் வருகிறார்களா என்ற கேள்விக்கு, இல்லை. அந்த 'இல்லை'யைத் தட்டிவிட்டு, அனுப்பாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தோளைப் பிடித்துக்கொண்டாள். "அனுப்புடி. ஆத்தா பாத்துக்குவா."

பங்குனியில் பதில் வந்தது. இடம் கொடுத்திருந்தார்கள். என் கல்லூரியில் முதல் வகுப்புக்கு என்ன மதிப்பு என்பது தங்களுக்குத் தெரியும் என்று அங்குள்ள பேராசிரியர் ஒருவரும் எழுதியிருந்தார். பேராசிரியரின் அந்த வரியைப் படித்துவிட்டு அக்கா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். விவாகரத்து வழக்கு நடக்கிறது. காலிங்பெல் அடித்தால் இன்னமும் உடம்பு தூக்கிப் போடுகிறது. ஆனால் இப்போது யாராவது நலமா என்று கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன்.

அம்மா தாயே, நீ கொடுத்த இந்த மூச்சுக்கு நன்றி. சகோதரிகளே, உங்களில் யாராவது என்னைப் போல வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிக்கொண்டு இருந்தால், இன்று அவள் சந்நிதியில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். அவள் கேட்பாள். சொல்லிவிட்டு என்னிடமும் வாருங்கள். ஆகஸ்டில் விமானம் ஏறும்வரை நான் இங்கேதான் இருப்பேன்.