தாலிக்கு ஒரு கார், மாப்பிள்ளைக்கு ஒரு கார்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம். நுவரெலியாவில் சீசன் களைகட்டியிருந்தது. எனக்கு அன்றைக்குக் கல்யாணம். பெண் வீடு அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டம். நானுஓயாவிலிருந்து எங்களை ஏற்றிவந்த வேன், லிந்துலை தாண்டியதும் ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால் படுத்துவிட்டது. முகூர்த்தமோ நெருங்குகிறது. தாலித் தட்டு அக்கா மடியில். அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்து ஊற்றியது!

கடை வாசலில் இரண்டு கார்கள் நின்றன. இடுப்பு உயரம்கூட இல்லை. ஒன்று சிவப்பு, மற்றது வெள்ளி நிறம். கார் ரேஸ் பார்க்க வந்த கொழும்புக்காரர்கள் இருவர், எது உசத்தி என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். தன் காரை முந்த இலங்கையில் ஆள் கிடையாது என்றார் சிவப்புக்காரர். வேகம் யாருக்கு வேண்டும், உலகத்திலேயே இந்த மாதிரி செய்தது சொற்பம், வைத்திருக்க வைத்திருக்க மதிப்பு ஏறும் என்றார் வெள்ளிக்காரர். அதற்குள் என் தாய்மாமன் வெள்ளிக் காரில் சாய்ந்து நின்றுவிட்டார்.

"ஐயோ, கை வைக்காதீங்க! கோடு விழும்!" என்று அலறினார் வெள்ளிக்காரர்.

மாமா அசருகிற ஆளா? "கோபப்படாதீங்க தொரை. எது முந்துதுன்னு ஓட்டியே பாத்துருவோமே. ஒண்ணுல மாப்பிள்ள, ஒண்ணுல தாலி!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிவப்பில் நான், வெள்ளியில் அக்கா. மற்றவர்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். தார் ரோட்டில் சிவப்பு பறந்த பறப்பில் நான் முருகனைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. ஆனால் தோட்டத்துக் கல் ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் குறுக்கே மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கான். இறங்கினால் காரின் வயிறு கிழிந்துவிடும். பின்னால் வந்த வெள்ளியும் நின்றது. போச்சுடா, என் கல்யாணம்!

மேலே கல்யாணம் நடக்கவிருந்த கோயிலிலிருந்து இதைப் பார்த்துவிட்ட பெண் வீட்டு இளைஞர்கள் ஓடிவந்தார்கள். திருவிழாவில் சாமி தூக்குகிறவர்கள். சப்பரக் கம்புகளையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். நான் கதவைத் திறந்தேன்.

"எறங்காதீங்க மாப்பிள்ள! கால்ல சேறு படக் கூடாதுங்க!"

காருக்கடியில் கம்பைக் கொடுத்து, "அரோகரா!" என்று என்னோடு சேர்த்தே தூக்கினார்கள். தொழிலாளர் லயத்து வாசலில் நின்ற ஒரு அம்மா பதறிப்போனார். "நல்ல நாளும் அதுவுமா மாப்பிள்ளையத் தூக்குறீங்களேடா!"

"நாலு பேரு தூக்குனாத்தான் தப்புங்க, நாங்க இருபது பேரு!" என்றான் ஒருவன்.

அடுத்தது தாலி. கோடு விழும் என்று அலறிய அதே வெள்ளிக்காரர், சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அவர்களோடு தோள் கொடுத்தார். கானைத் தாண்டியதும் சிவப்புக்காரர் தூக்கிய இளைஞர்களிடம் விடாமல் கேட்டார், "இப்ப சொல்லுங்க, எது நல்ல கார்?"

"வெள்ளிதாங்க. தூக்க லேசா இருந்துச்சு!"

கோயிலடி முழுக்கச் சிரிப்பு. நேரம் தப்பாமல் தாலி கட்டினேன்.

விருந்து முடிந்து கிளம்பும்போது பார்த்தால், வெள்ளிக் காரெங்கும் சந்தனமும் சேறுமாகக் கை அடையாளங்கள். துடைக்கத் துணி எடுத்தேன். வெள்ளிக்காரர் தடுத்துவிட்டார்.

"விடுங்க தம்பி. இப்பதான் இந்த மாதிரி கார் உலகத்துலயே இது ஒண்ணு."

அதற்குப் பிறகு வாழ்க்கையில் எத்தனையோ கான்கள் குறுக்கே வந்தன. ஒவ்வொரு தடவையும் அந்த "அரோகரா" காதில் கேட்கும், இறங்கி ஓடாமல் உட்கார்ந்திருக்கத் தைரியம் வந்துவிடும்.