என் மகன் எழுதிய ஆடு

எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் கொழுந்தன் மனைவி ஒரு வீடியோ போட்டாள். டிரைவர் வராததால் தானே டிராக்டரில் ஏறி, அரிமளம் ரோட்டை ஒட்டிய வயலை உழுகிற வீடியோ. சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். தலையில் துபாயில் இருக்கும் கொழுந்தனின் பழைய தொப்பி. போன மழைக்குப் பிறகுதான் ஓட்டவே கற்றுக்கொண்டாள். எனக்கு ஸ்கூட்டிகூட ஓட்டத் தெரியாது. என் கணவர் வேறு அந்த வீடியோவை டீக்கடையில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

வீடியோவுக்குக் கீழே, கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கும் என் மகன் இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தான். எல்லாம் பெரிய எழுத்தில்: கோட்.

கோட் என்றால் ஆடு. ஜி ஃபார் கோட் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஏமாந்த ஆள் கிடைத்தால் இந்தக் காலத்துப் பையன்கள் ‘ஒரு ஆடு சிக்கிருச்சு’ என்று சொல்வதும் எனக்குத் தெரியும். சித்தியைக் கிண்டல் செய்கிறான், பிள்ளை என் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று வேலையெல்லாம் சுறுசுறுப்பாக நடந்தது.

சாயங்காலம் அவளே வந்தாள். முகம் வாடியிருந்தது.

“ஏங்க்கா, தம்பி என்னய ஆடுங்குறான்? நான் என்ன தப்பு செஞ்சேன்?”

“சின்னப் பய, வெளையாட்டுக்குச் சொல்லிருப்பான். மனசுல வச்சுக்காத” என்றேன். உள்ளுக்குள் இனித்தது.

அவள் விடவில்லை. என் எதிரிலேயே அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஐயோ சித்தி, அது ஆடு இல்ல!” அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “நாலு இங்கிலீஷ் வார்த்தையோட மொத எழுத்து. இதுவரைக்கும் வந்தவங்கள்லயே பெரிய ஆளுன்னு அர்த்தம். கிரிக்கெட்ல அப்படித்தான் சொல்லுவோம். ஹாஸ்டல்ல எல்லாருக்கும் ஒங்க வீடியோவக் காட்டிட்டேன்.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “புள்ளய நல்லா வளத்திருக்கீங்கக்கா” என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அதனால் கோபப்படக்கூட வழியில்லை.

ஹாஸ்டலுக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு அனுப்புகிறவள் நான். எனக்கு அவன் பதிலாக அனுப்புவது ஒரு கட்டைவிரல் படம்.

மறுநாள் பொறுக்கமாட்டாமல் போனில் கேட்டுவிட்டேன். “ஏன்டா, நான் ஒனக்கு ஆடு இல்லையா?”

“நீயும்தாம்மா” என்று சிரித்தான். உடனே குரூப்பில் ‘அம்மா’ என்று போட்டு, பக்கத்தில் அதே நாலு எழுத்தையும் போட்டான். முதல் ஆளாக ஹார்ட் போட்டது கொழுந்தன் மனைவிதான். கேட்டு வாங்கியதில் என்ன சந்தோஷம் இருக்கிறது?

மத்தியானம் வயல் பக்கம் போனேன். அவள் டிராக்டரை நிறுத்தினாள்.

“ஏறுங்கக்கா, ஒரு சுத்து போய்ட்டு வருவோம்.”

“வெயிலா இருக்கு. நீ ஓட்டு” என்று வரப்பிலேயே நின்றுகொண்டேன். ஏறியிருந்தால், அவளுடைய அடுத்த வீடியோவில் மட்கார்டில் உட்கார்ந்திருக்கும் ஆளாக நான் இருந்திருப்பேன்.