கிழங்கு லாரியில் தூங்கிய பாப்பு

போன மார்கழியில் ஒரு காலை, ஐந்து வயதுக் குழந்தை உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் கொல்லிமலை வளைவுகளில் வண்டியை ஓட்டிக்கொண்டு இறங்கினேன். அன்று சாமி எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டுப் பெண். கல்லூரி முடித்துவிட்டு, சும்மா இருக்கப் பிடிக்காமல் செம்மேட்டில் மாலை வகுப்பு நடத்துகிறேன். வள்ளியும் அவள் தங்கை பாப்புவும் அங்கே வருவார்கள். வள்ளிக்குப் பத்து வயது. அம்மா இல்லை. மிளகு பறிக்கக் கேரளா போன அப்பா திரும்பவில்லை. பஸ் நிலையத்தில்தான் திரிவார்கள். டீக்கடைக்காரர் பன் கொடுப்பார். நான் சட்டை கொடுத்தேன். இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

அன்று பஸ் நிலையத்துப் பக்கம் பால் வாங்கப் போனேன். வள்ளி ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

“அக்கா, பாப்புவக் காணோங்க. கெழங்கு லாரியில படுத்திருந்தமுங்க. நான் மூஞ்சி கழுவ எறங்குனேன், லாரி போயிருச்சுங்க.”

குளிருக்கு அந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழி அது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றி நிற்கும் லாரியில் தார்ப்பாய்க்குள் புகுந்துவிட்டால் பனி உறைக்காது. ஆனால் வளைவில் மூட்டை சரிந்தால்? யாருடைய லாரி, எந்த ஆலைக்குப் போகிறது, யாருக்கும் தெரியவில்லை. டீக்கடைக்காரர் போலீசுக்குப் போன் போட்டார். நான் வள்ளியை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் மலைச்சாமியைத் தினமும் கும்பிடுகிறவள்தான். அன்றைக்கு ஒரு பாட்டும் வாயில் வரவில்லை. “பெரியண்ணசாமி, அவளக் கண்ணுல காட்டு.” அவ்வளவுதான். பின்னால் வள்ளியும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தைப் பார்க்கப் பயந்தேன்.

மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியில், சாலையோரக் கோயில் முன்னால் லாரி நின்றிருந்தது. டிரைவரின் தோளில் உட்கார்ந்து பாப்பு தேங்காய்ச் சில்லு தின்றுகொண்டிருந்தாள். ஓடிப்போய் அவளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

மலை இறங்கியதும் டிரைவர்கள் அங்கே தேங்காய் உடைப்பது வழக்கம். அன்று அவருக்கு அவசரம், உடைக்காமலே போய்விட நினைத்தாராம்.

“கோயிலத் தாண்டறப்ப காலு தானா பிரேக்குல போச்சுங்க அம்மிணி. சரி, ஒடைச்சுட்டே போலாம்னு எறங்குனேன். தேங்கா ஒடைஞ்ச சத்தத்துக்கு தார்ப்பாய்க்குள்ள இருந்து ஒரு தலை எட்டிப் பாத்து, ‘எனக்கொரு சில்லு’ங்குது. சாமிதான் நேர்ல வந்து கேக்குதுன்னு எனக்கு உசுரே போயிருச்சுங்க.”

மலை மேல் யார் தேங்காய் உடைத்தாலும் சில்லுக்கு ஓடும் பிள்ளை அவள். தூக்கத்திலும் அந்தச் சத்தம் அவளை எழுப்பியிருக்கிறது. அந்த இடத்தில் அவர் காலைப் பிரேக்கில் வைத்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போலீசிடம் சொல்லிவிட்டு இருவரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். படுக்கும்போது வள்ளி என் அம்மாவிடம் கேட்டாள்: “காலைல எத்தன மணிக்கு எந்திரிச்சுப் போவோணுங்க?” லாரி இல்லாத இரவுகளில் கடைத் திண்ணையில் படுத்து, கடை திறக்கும் முன் விரட்டப்பட்டே பழகியவள்.

“எங்கயும் போவ வேண்டாங் கண்ணு. தூங்கு” என்றார் அம்மா.

அதிகாரிகளிடம் பேசி, இருவரையும் பிரிக்காமல் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்தோம். விடுமுறைக்கு எங்கள் வீடு. இப்போதெல்லாம் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ராத்திரி எங்கே படுத்தாய் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

நீங்களும் நம்பிக் கூப்பிடுங்கள், சாமி கேட்பார். கும்பிட்டு முடித்ததும் உங்கள் ஊர் பஸ் நிலையம் வரை ஒரு நடை போய் வாருங்கள். அங்கேயும் ஒரு பிள்ளை அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.