காதில் கேட்ட மேகம்

கண் ஆபரேஷன் முடிந்து, இரு கண்ணிலும் கட்டோடு அக்கா சேரன்மகாதேவி வீட்டில் படுத்திருந்தாள். அவள் டேப்ரிக்கார்டரில் பாட்டுக் கேட்க, பழைய ரேடியோவின் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைக் கழற்றி ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் செய்து, மூடி போடாமல் ஜன்னலில் வைத்தேன். ஹெட்போனுக்கு வெளியே கசிந்த பாட்டு தேய்ந்து தேய்ந்து மேலெழுந்தது.

“டிரான்சிஸ்டரோட கண்ணாடிக் கூட்டுல வெளிச்சம் படாம பூசுன கறுப்புப் பெயின்ட் உதிர்ந்துட்டுக்கா. வெயில் பட்டா சத்தம் அமுங்குது. பூசிட்டா சரியாயிரும்” என்றேன்.

அக்கா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பாட்டு மெல்ல நிமிர்ந்தது.

“ஏலே, இப்ப மேகம் மூடுதா?”

எட்டிப் பார்த்தேன். வயல்மேல் நிழல் நகர்ந்துகொண்டிருந்தது.

“ஆமாக்கா.”

“அப்பம் பூசாத. வெயில் போறதும் வாரதும் எனக்குத் தெரியுதுல்லா.”

கட்டு அவிழ்த்த அன்று அக்காவுக்குப் பார்வை தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, கண்களை மூடிக்கொண்டாள்.

பழுது என்று நான் நினைத்த அந்த இடத்தில் இன்னும் பெயின்ட் பூசவில்லை.